நீலி தோஷம்

திருமாலை நீலமேனியன் என்று போற்றுகிறோம். நஞ்சுண்ட சிவபெருமானை நீலகண்டன் என்று அழைத்து, அந்தக் கறையையே கருணையின் அடையாளமாகக் கொண்டாடுகிறோம். பலராமனுக்கோ நீலாம்பரன் என்றே ஒரு திருநாமம் வழங்குகிறது. ஆயினும், அந்தத் தெய்வங்களை வழிபட அமர்கிறவன் அவுரிச் சாயம் தோய்த்த பருத்தி வஸ்திரத்தை உடுத்தலாகாது என்று விதித்தவர்களும் அதே தெய்வங்களை வழிபட்டவர்களே. மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம், ஆபத்துக் காலத்தில் வைசியனுடைய தொழிலால் ஜீவிக்க நேர்ந்த பிராமணன் விற்கத் தகாத சரக்குகளை வரிசைப்படுத்துமிடத்தில், மதுவையும் அரக்கையும் சொல்லும் அதே மூச்சில் நீலி என்னும் அவுரியையும் சேர்த்துச் சொல்லுகிறது. ஆபஸ்தம்பர் பெயரால் வழங்கும் ஸ்மிருதியோ, நீலி தோய்த்த ஆடையை உடுத்தவனுக்குப் பிராயச்சித்தம் விதிப்பதோடு அமையாமல், நீலி விதைத்த நிலமே 12 ஆண்டுகள் அசுத்தமாகக் கிடக்கும் என்றும் கூறுகிறது. தெய்வத்தின் திருமேனியில் வணங்கத்தக்கதாக இருக்கும் நிறம், மனிதனுடைய அரையில் சுற்றிய துணிக்கு வந்தவுடன் தோஷமாக மாறுவது எவ்வாறு என்ற கேள்வியை, ஆசாரம் என்ற ஒரு சொல்லால் மூடிவிட்டு அப்பாற்செல்ல என் மனம் இசைந்ததில்லை. அக்கேள்வியைச் சுமந்துகொண்டுதான், அவுரி இன்றும் விளைகின்ற திண்டிவனத்துப் பக்கத்தில், வயது முதிர்ந்த ஒரு சாயக்காரரிடம் நீலம் தோய்க்கக் கற்றுக்கொள்ளச் சென்றேன்.

முதலில் செடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவுரி அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே காற்றிலுள்ள நைட்ரஜனை வேர்முடிச்சுகளின் வழியாக மண்ணுக்குச் சேர்ப்பது. சாயம் பிழிந்தெடுத்தபின் எஞ்சும் தழையும் வீணாவதில்லை, வயலுக்கு எருவாகிறது. சித்த வைத்தியர்களோ அவுரியை நஞ்சுமுறிக்கும் மூலிகைகளில் முன்வரிசையில் வைத்தவர்கள். கடிபட்டவனுக்கும், மருந்தே விஷமாகிப்போனவனுக்கும் அவுரி வேரையும் இலையையும் அவர்கள் கொடுத்தார்கள். ஸ்மிருதிகாரர் எந்த நிலம் 12 ஆண்டுகள் தீட்டுப்பட்டது என்றாரோ, அந்த நிலத்தை உழவன் வளம்பெற்ற நிலமாக அறிந்திருந்தான். அவர் எந்தச் செடியை அசுத்தம் என்றாரோ, அதே செடியை வைத்தியன் உடம்பைச் சுத்தி செய்வதென்று அறிந்திருந்தான். சாஸ்திரம் ஒருபுறமும் அநுபவம் ஒருபுறமும் இத்தனை தெளிவாகப் பிரிந்து நிற்கும் இடங்கள் நம் நாட்டில் அதிகமில்லை.

தழையை அறுத்து, கட்டுக்கட்டாக ஊறல் தொட்டியில் அடுக்கி, மேலே பாரம் ஏற்றி, நீர் பாய்ச்சி ஓர் இரவு ஊறவிடுகிறார்கள். இலையில் நீலம் இல்லை. இலையைக் கசக்கிப் பிழிந்தாலும் பச்சைதான் வரும். இலைக்குள் நிறமற்ற ஒரு சத்து, சர்க்கரையோடு பிணைந்து கிடக்கிறது. ஊறும்போது அந்தப் பிணைப்பு அறுந்து, சத்து நீரில் இறங்குகிறது. மறுநாள் மஞ்சளும் பச்சையுமாக நிற்கும் அந்நீரைக் கீழ்த்தொட்டியில் வடித்து, ஆட்கள் வரிசையாக இறங்கி நின்று கையாலும் காலாலும் நெடுநேரம் அடித்துக் கலக்குகிறார்கள். காற்றிலுள்ள பிராணவாயு நீருக்குள் புகப் புக, நுரை நீலமாகிறது. பின்பு நீர் முழுவதும் கறுக்கிறது. அடித்து ஓய்ந்தபின் நீலம் மெல்ல அடியில் படிகிறது. மேல்நீரை வடித்து, சேற்றைக் காய்ச்சித் துணியில் கட்டி அழுத்தி, வில்லைகளாக அறுத்து உலர்த்துகிறார்கள். காரியம் காரணத்தில் முன்னமே உள்ளது என்னும் சாங்கியனும், இல்லாத ஒன்று புதிதாகத் தோன்றுகிறது என்னும் நையாயிகனும் இந்தத் தொட்டியடியில் நின்று வாதம் செய்திருந்தால், இருவருக்கும் வேண்டிய சாட்சியத்தை அவுரி தந்திருக்கும். நீலம் நீலமாக இலையில் இருந்ததில்லை. ஆனால் வயலில் வேறு எத்தனையோ தழைகள் இருக்க, அவற்றை எத்தனை நாள் ஊறவைத்து அடித்தாலும் இந்த நீலம் வாராது. நம் சைவ சித்தாந்திகள் சற்காரிய வாதத்தின் பக்கம் நின்றவர்கள். இந்த ஒரு விஷயத்தில் என் மனமும் அவர்கள் பக்கமே சாய்கிறது.

வில்லை கைக்கு வந்தபின்புதான் உண்மையான வித்தை தொடங்குகிறது. நீலக்கட்டி நீரில் கரையாது. எவ்வளவு நுணுக்கமாக அரைத்துக் கலக்கினாலும் அது துகளாக மிதக்குமேயன்றி, நூலிழைக்குள் புகாது. சாயவேரின் சிவப்பு துணியில் பற்ற வேண்டுமானால் கடுக்காயும் படிகாரமும் இடைநின்று பிணைக்க வேண்டும். நீலத்துக்கு அத்தகைய இடையாள் எவரும் தேவையில்லை. அதற்கு மாறாக, அது தன் நிறத்தையே ஒருமுறை துறந்தாக வேண்டும். அரைத்த நீலத்தைச் சாலிலே இட்டு, சுண்ணாம்பு சேர்த்து, வேகவைத்த தகரை விதையைக் கரைத்து ஊற்றி, வெல்லமும் கொஞ்சம் போட்டு மூடி வைக்கிறார்கள். சில நாட்களில் சால் புளிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் தகரையையும் வெல்லத்தையும் தின்று பெருகி, நீரிலுள்ள பிராணவாயுவையெல்லாம் உறிஞ்சித் தீர்க்கும்போது, நீலம் தன் நீலத்தை இழந்து, மஞ்சளும் பச்சையும் கலந்த திரவமாகக் கரைந்துவிடுகிறது. சால் பக்குவப்பட்டதற்கு அடையாளம், மேலே செம்புபோல் மின்னும் ஓர் ஏடும், நடுவே திரண்டு நிற்கும் நீல நுரையும். நுரையை ஒதுக்கிப் பார்த்தால் அடியில் நீலமே இராது.

எனக்குக் கற்பித்த பெரியவர் சாலைத் திறக்குமுன் அதன் விளிம்பில் குங்குமமிட்டுச் சூடம் ஏற்றுவார். பிறகு குனிந்து முகர்வார். விரலால் தொட்டு நாக்கில் வைப்பார். காரம் குறைந்ததா, புளிப்பு மிஞ்சியதா என்பதை எந்தக் கருவியும் இன்றி அந்த ஒரு துளியில் அறிந்து, "இன்னிக்கு இதுக்குப் பசி, தம்பி, நாளைக்குத் தோய்க்கலாம்" என்று சொல்லி, ஒரு பிடி வெல்லத்தைப் போட்டு மூடிவிடுவார். ஓர் உயிருள்ள பொருளைப் பற்றிப் பேசுகிறவருடைய பேச்சு அது. இரசாயன நூல்களைப் படித்தவன் அதைத் திருத்த வேண்டிய அவசியமே இல்லை, ஏனெனில் சாலுக்குள் இருப்பது உயிர்தான்.

இனி இழைகள். பருத்தி நூற்சிட்டத்தை உவர்நீரில் வேகவைத்து, அதிலுள்ள எண்ணெய்ப்பசையும் மெழுகும் போன பின்பு அலசி, ஈரத்தோடேயே சாலுக்குள் இறக்க வேண்டும். காற்றுக்குமிழி ஒன்றும் உள்ளே போகாதபடி மெதுவாக இறக்கி, நீருக்கடியிலேயே பிசைந்து, நீருக்கடியிலேயே பிழிந்து எடுக்க வேண்டும். வெளியே வந்த நூல் முதலில் மஞ்சள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சை, சில நிமிஷங்களில் நீலம். சாலுக்குள் துறந்த நிறத்தைக் காற்றின் ஸ்பரிசத்தில் அது மீண்டும் பெறுகிறது. பெற்றவுடன் பழையபடி கரையாத தன்மையும் வந்துவிடுவதால், இழையினுள் புகுந்தது புகுந்தபடியே சிறைப்பட்டு நின்றுவிடுகிறது. ஒருமுறை தோய்த்தால் வெளிறிய வானத்தின் நிறம். மீண்டும் மீண்டும் தோய்த்துக் காற்றாட விட்டால்தான் கருநீலம். பருத்திக்குச் சுண்ணாம்பின் காரம் பகையன்று. பட்டும் கம்பளியும் பிராணிகளிடமிருந்து வந்தவை. காரம் மிகுந்தால் நைந்துபோகும். ஆகவே அவற்றுக்குக் காரம் தணிந்த சாலை வேறாக வைத்திருப்பார்கள். இந்த வேற்றுமையை நான் காரணத்தோடுதான் விரித்துச் சொல்லுகிறேன், ஏனெனில் நம் தர்மசாஸ்திரங்களும் இழைக்கு இழை வேற்றுமை பாராட்டியிருக்கின்றன.

ஸ்மிருதி வாக்கியங்களைத் தொகுத்து ஆராய்ந்த பிற்கால நிபந்தகாரர்கள், நீலி தோஷம் பருத்தி வஸ்திரத்துக்கே உரியது என்றும், கம்பளத்திலும் பட்டுநூலிலும் அந்த தோஷம் இல்லை என்றும் ஒரு விலக்கை எடுத்துரைக்கிறார்கள். தோஷத்துக்குக் காரணமாக நம்மிடையே வழக்கமாகச் சொல்லப்படுவனவற்றை இந்த விலக்கோடு ஒப்பிட்டு நோக்குவது நன்று. சாலிலும் ஊறல் தொட்டியிலும் புழுபூச்சிகள் மடிகின்றன, ஆகையால் அது ஹிம்சையால் விளைந்த சாயம் என்பார்கள் சிலர். அவ்வாறாயின், கூட்டுக்குள் உறங்கும் புழுவைக் கொதிநீரில் இட்டு எடுக்கும் பட்டு எப்படி மடிக்கு உகந்ததாயிற்று? ஹிம்சையே காரணமானால் நீலப்பட்டில் தோஷம் இரட்டிப்பாக அல்லவா இருக்க வேண்டும்? புளித்து நாறுவதனால் அசுத்தம் என்பார்கள் வேறு சிலர். புளித்த பண்டங்களை விலக்கிய மனுவே ஐந்தாம் அத்தியாயத்தில் தயிருக்கு விலக்களிக்கிறார். பாலைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர் பஞ்சாமிர்தத்துக்கும் பஞ்சகவ்யத்துக்கும் உரிய புனிதத்தை அடைய, அவுரியின் நிறம் கழற்றும் நுண்ணுயிர் மட்டும் தீட்டுக்கு உள்ளாவானேன்? சொன்ன காரணங்கள் நிலைபெறவில்லையென்றால், சொல்லாத காரணம் ஒன்று இருக்கிறதென்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆசாரத்தின் பக்கம் நின்று சொல்லத்தக்கதையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளைப் பருத்தியைத் தோய்த்து உலர்த்தி உடுத்தும் மடிக்குப் பின்னால் ஒரு தத்துவம் உண்டு. குணங்களைக் கடந்த பரம்பொருளை எண்ண உட்காருகிறவன், தன்மேல் நிறமேதும் ஏற்றிக்கொள்ளாமல் உட்காருவது அழகு. வெண்மை அழுக்கை உடனே காட்டிக்கொடுக்கும். கருநீலமோ அழுக்கை உள்ளே மறைத்து வைத்துக்கொள்ளும். இந்த விளக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இதுவே காரணமாயின், சிவப்பும் மஞ்சளும் அல்லவா கூடவே விலக்கப்பட்டிருக்க வேண்டும்! கண்ணனுக்கே பீதாம்பரம் சாத்துகிறோமே!

பௌத்த விநயமும் பிக்ஷுக்கள் முழுநீலச் சீவரம் அணிவதைத் தடுத்தது. அங்கே சொல்லப்பட்ட காரணம் வேறு. அத்தகைய சீவரம் உலகின்பம் துய்க்கும் இல்லறத்தாருடைய ஆடைபோல் இருக்கிறது என்று ஜனங்கள் குறைகூறியதால், மஞ்சளும் சிவப்பும் கறுப்பும் உட்பட முழுநிறச் சீவரங்கள் பலவற்றோடும் சேர்த்தே நீலம் விலக்கப்பட்டது. அது துறவிக்குரிய கட்டுப்பாடு. சாயத்தின்மேல் சுமத்திய குற்றமன்று. அதே புத்தர்பிரான், மஜ்ஜிம நிகாயத்தின் ஏழாம் சூத்திரத்தில், அழுக்கேறிய துணியை எந்தச் சாயத்தில் தோய்த்தாலும் நிறம் கெட்டே தோன்றும் என்றும், வெளுத்த துணி நன்றாக நிறம் ஏற்கும் என்றும் மனத்துக்கு உவமை கூறுமிடத்தில், நீலத்தைத்தான் முதற்சாயமாக எண்ணுகிறார். உவர்நீரில் சரியாக வேகாத நூற்சிட்டம் திட்டுத்திட்டாக நீலம் பிடித்து வெளிவருவதைக் கண்ணால் கண்டவனுக்கு, அந்த உபதேசம் வண்ணாரும் சாயக்காரரும் வாழ்ந்த தெருக்களில் நடந்து பழகிய ஒருவருடைய வாயிலிருந்து வந்தது என்பதில் ஐயம் இராது.

பிற சமயத்தாரிடமும் இந்தச் சாயம் ஒரு கேள்வியை எழுப்பியிருக்கிறது. யூதர்களின் வேதத்தில், எண்ணாகமம் 15-ஆம் அதிகாரத்தில், ஆடையின் மூலைத் தொங்கல்களில் ஒரு நீலநூல் இட வேண்டும் என்று கட்டளை இருக்கிறது. அந்த நூலின் சாயம் ஒரு கடற்பிராணியிலிருந்து எடுக்கப்பட வேண்டும் என்பது அவர்களுடைய ஆசாரியர்களின் மரபு. செடியிலிருந்து எடுத்த அவுரி நீலத்தால் தோய்த்துவிட்டு அதையே கடல்நீலம் என்று சொல்லுகிறவனை இறைவன் தண்டிப்பான் என்று தால்மூது எச்சரிக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தபடியால்தான் அந்த எச்சரிக்கை வேண்டியதாயிற்று. நம் காலத்து இரசாயனிகளோ, அந்தக் கடற்பிராணி என்று இன்று பலரும் கருதும் முள்நத்தையின் சாயத்தைக் கரைந்த நிலையில் வெயிலில் காட்டினால் கிடைக்கும் நீலமும், அவுரி நீலமும் மூலக்கூற்றளவில் ஒரே பொருள் என்று கண்டிருக்கிறார்கள். ஆயினும் அந்த ஆசாரியர்களின் எச்சரிக்கை பொருளற்றுப் போய்விடவில்லை. அவர்கள் கண்டித்தது அவுரியை அன்று. பொய் சொல்லி விற்பதை. பாவம் சாயத்தில் இல்லை, ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் நடந்துகொள்ளும் முறையில் இருக்கிறது என்பதை அவர்கள் தெளிவாகவே கண்டிருந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு நம் சரித்திரத்தைப் பார்த்தால், நீலிக்கு தோஷம் உண்டென்றே நானும் சொல்வேன். 18-ஆம் நூற்றாண்டில் நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன துணிகள் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளுக்கு ஈடாக மாற்றப்பட்டன. அடுத்த நூற்றாண்டில் புதுச்சேரியில் தோய்த்த நீலத்துணி, 'கினே' என்ற பெயரோடு செனெகல் ஆற்றங்கரைக்குச் சென்று, வேலம்பிசின் வாங்குவதற்கு நாணயம்போலவே செலாவணியாயிற்று. வங்காளத்திலோ, நெல் விளைய வேண்டிய நிலத்தில் முன்பணத்தின் கட்டாயத்தால் நீலி விதைத்த குடியானவர்கள் 1859-இல் இனி விதைப்பதில்லை என்று எழுந்து நின்றார்கள். அவர்களுடைய துன்பத்தைத் தீனபந்து மித்ரா 'நீல் தர்ப்பண்' என்ற நாடகமாக 1860-இல் வெளியிட்டார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பதிப்பித்த குற்றத்துக்காக ஜேம்ஸ் லாங் பாதிரியார் மறு ஆண்டில் ஒரு மாதம் சிறையில் இருந்தார். பீகாரிலே சம்பாரணில், 20 கட்டா கொண்ட ஒவ்வொரு பிகாவிலும் 3 கட்டாவில் தோட்டத்துரைக்காக நீலி விளைவித்தாக வேண்டும் என்ற தீன்கட்டியா முறை, 1897-இல் ஜெர்மானியரின் செயற்கை நீலம் சந்தைக்கு வந்து இயற்கை நீலத்தின் விலையைச் சாய்த்த பிறகும் குடியானவனை விடவில்லை. நீலி வேண்டாமென்றால் கூடுதல் வாரம் கொடு என்று புதிய விலங்காக உருமாறியது. 1917-இல் காந்தியடிகள் அங்கே சென்று குடியானவர்களின் வாக்குமூலங்களை ஆயிரக்கணக்கில் எழுதி வாங்கிய பின்பே அது ஒழிந்தது. நிலத்தை 12 ஆண்டுகள் தீட்டுப்படுத்தும் பயிர் என்று நீலியைச் சொன்னவர் சம்பாரணைக் கண்டிருந்தால், அந்தத் தீட்டு மண்ணில் இல்லை, குத்தகைச் சீட்டில் இருக்கிறது என்று சொல்லியிருக்கக்கூடும்.

சாலையும் சாயத்தையும் அசுத்தம் என்று சொன்ன ஆசாரம், நடைமுறையில் யார்மேல் விழுந்தது என்பதையும் இங்கே எண்ணாமல் இருக்க முடியவில்லை. உழைத்துப் பிழைப்பவர்களுக்கு உகந்த ஆடை நீலப் பருத்தி. அழுக்குத் தெரியாது, நாள்படும், விலையும் எளிது. நீலப் பட்டும் நீலக் கம்பளமும் பொருளுடையோர்க்கு உரியவை. எளியவன் உடுக்கும் இழைக்கு மட்டும் தோஷம் என்றும், செல்வன் உடுக்கும் இழைக்கு இல்லையென்றும் ஒரு விதி நின்று நிலவுமானால், அந்த விதி சாயத்தைப் பற்றியதா, மனிதர்களைப் பற்றியதா? தொட்டியில் இறங்கி அடித்தவனுடைய நகக்கண்ணில் நீலம் மாதக்கணக்கில் போகாது. அந்த நகத்தைப் பார்த்தே அவனை எங்கே நிறுத்தி வைப்பது என்று தீர்மானித்த காலம் ஒன்று இருந்தது. ஜனங்களின் பக்தி இந்த விதியை என்றுமே முழுதாக ஏற்றதில்லை. கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலையிட்டவர்கள் கருப்போடு நீலமும் உடுத்தித்தான் மலையேறுகிறார்கள். சனீசுவரனுக்கு நீல வஸ்திரம் சாத்துவதும் நம் கோயில்களில் வழக்கமாகவே இருக்கிறது.

ஆனால் ஒரு மறுப்புக்கு மட்டும் என்னிடம் முழுமையான விடை இல்லை, அது சமணருடையது. சிராவகன், அதாவது இல்லறச் சமணன், செய்யலாகாத வாணிபங்களை எண்ணுமிடத்தில் ஹேமசந்திரர் தம் யோகசாஸ்திரத்தில் அரக்கோடு நீலியையும் சேர்க்கிறார். அவர் சொல்வது உயிர்வதையை முன்னிட்டு. சமணர் கொள்கை இழைக்கு இழை மாறுவதில்லை; உயிரைக் கொன்று எடுத்த பட்டையும் கூசி விலக்கும் கொள்கை அது. ஊறல் தொட்டியில் தழையோடு தழையாக மடியும் சிற்றுயிர்களையும், சுண்ணாம்பின் காரத்தில் விழுந்து மடிவனவற்றையும் நான் கண்ணால் கண்டிருக்கிறேன். தயிர் வாதம் அங்கே செல்லாது. ஏனெனில் நொதிக்கச் செய்யும் நுண்ணுயிர் வேறு, தழையில் ஒண்டியிருந்த பூச்சியின் உயிர் வேறு. உழவிலும் இதே ஹிம்சை உண்டென்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. பெரியவரிடம் இதைக் கேட்டபோது, தழையை அறுத்தவுடன் தொட்டியில் திணிக்காமல் வரப்பில் சற்றுநேரம் உதறிப் போட்டுவைக்கச் சொன்னார். பூச்சிகளில் பெரும்பாலானவை அதற்குள் போய்விடும் என்றார். எல்லாம் போய்விடும் என்று அவர் சொல்லவில்லை. சாலைக் கெடாமல் நெடுநாள் காப்பதும், கெட்ட பின்பு அதன் வண்டலைக் கண்ட இடத்தில் கொட்டாமல் எருக்குழிக்கே கொண்டுசேர்ப்பதும் அவருடைய நியமங்கள். எனக்கும் அவையே நியமமாயின.

என் வீட்டுப் பூஜையறையில் கண்ணன் விக்கிரகம் ஒன்று உண்டு. முன்பு விசேஷ நாட்களில் அதற்குப் பட்டுத்தான் சாத்துவது. இப்போது நானே தோய்த்த நீலப் பருத்தியைச் சாத்துகிறேன். சாஸ்திரம் அறிந்த உறவினர் ஒருவர், அது தோஷம் என்றும், நீலமே வேண்டுமானால் பட்டில் தோய்த்துச் சாத்தலாமே என்றும் அன்போடு எடுத்துச் சொன்னார். அவருக்கு மேலே எழுதியவற்றையெல்லாம் விரித்துச் சொன்னேன். அவர் நெடுநேரம் கேட்டுவிட்டு, பட்டைப் பற்றிய கேள்விக்கு மட்டும் தமக்கு விடை தெரியவில்லை என்றார். பருத்தியையே சாத்தி வருகிறேன்.